இரண்டாம் மாடிக் கதிரை

நோவு முதல் வந்ததா, அலுப்பு முதல் வந்ததா
என்று டொக்டர் கேட்டார்.
கிளினிக் கொப்பியை நீட்டியபடி நின்றேன்,
எனக்குப் பின்னால் நூற்றுப் பதினேழு இலக்கங்கள்.
கொட்டாஞ்சேனையில் மழை பெய்தால்
மழையா முதல், வெள்ளமா முதல் என்று கேட்கமாட்டோம்.
செருப்பைக் கையில் எடுப்போம்.

இரவு மூன்று மணிக்கு இடுப்பு எழுப்பும்.
எழுப்பிவிட்டு ஒன்றும் சொல்லாது.
துறைமுகத்தில் கொள்கலன் ஒன்று இறங்கும் சத்தம்.
பிறகு தோள், பிறகு விரல்மூட்டு,
பெயர் கூப்பிடக் கூப்பிட
ஒவ்வொருவராய்க் கூட்டில் ஏறுவதுபோல.
விடியும்போது நித்திரை வரும்.
அலாரமும் வரும்.

நித்திரை கெட்ட உடம்பில் நோவுக்குக் குரல் கூட.
குரல் கூடினால் நித்திரை இல்லை.
புதுக்கடையில் இருபது வருசம் உறுதி அடித்தவள் நான்,
காணி வழக்குத் தெரியும்:
இவன் வேலியை அவன் தள்ள,
அவன் வேலியை இவன் தள்ள,
தவணைக்கு மேல் தவணை.
நடுவில் காணி தரிசு.

இரத்தத்தில் ஒன்றுமில்லை.
எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
‘உனக்கு ஒன்றுமில்லையாம்!’ என்றாள் மச்சாள் ஜசிந்தா,
உண்மையான சந்தோசத்தோடு.
அந்த ஒன்றுமில்லாததைத் தூக்கிக்கொண்டு
நான்காம் மாடிக்கு ஏறினேன்.
லிஃப்ட் பழுது. அதற்குள் யாரோ
வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

பங்குனியில் ஒரு நல்ல நாள் வந்தது.
நோவு வெளியூர் போயிருந்தது. விடுவேனா?
திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன்.
அலுமாரியை இழுத்துப் பின்பக்கம் கூட்டினேன்.
இறால் உடைத்துக் கறி வைத்து
யூட்டுக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டேன்.
அடுத்த நான்கு நாள்
திரைச்சீலை இல்லாத யன்னலைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
வெளிச்சம் பட்டாலும் தோல் நொந்தது.

பிசியோதெரபி அறையில் நிலூக்கா
சிங்களத்தின் மேல் தமிழை ஏற்றிச் சொன்னாள்:
‘மிஸ், களைச்ச பிறகு இருக்க வேணாம்.
களைக்க முந்தி இருங்க.’
சிரித்தேன்.
களைக்க முந்தி இருப்பவளுக்கு
எங்கள் வீட்டில் வேறு பெயர்.

ஆனாலும் இரண்டாம் மாடித் திருப்பத்தில்,
இன்னும் ஏறலாம் என்று கால் சொல்லும்போதே,
சுவரோடு நின்றேன்.
போன் பார்ப்பதாக நடித்தேன். போனில் சார்ஜ் இல்லை.

ஆறாம் நாள் அங்கே ஒரு கதிரை.
சிவப்புப் பிளாஸ்டிக், ஒரு கால் கம்பியால் கட்டியது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
றிஸ்மியாவின் கதவுக்குள்ளே
செத்தல் மிளகாய் தாளிக்கும் இருமல் மட்டும்.
இருந்தேன்.

இப்போது தேங்காய் துருவுவதில்லை,
மாப் பக்கெட்டை வெட்டிக் கரைக்கிறேன்,
ஜசிந்தா மூக்கைச் சுளிக்கட்டும்.
ஒரு பக்கம் அடித்தால் கொஞ்சநேரம் கையை மடியில் வைத்து
நீதிமன்றக் கூரைக் காகங்களைப் பார்க்கிறேன்.
நொத்தாரிசு மணிக்கூட்டைப் பார்ப்பார்.
‘நோகுது சேர்’ என்பேன்.
முந்தியெல்லாம் ‘ஒன்றுமில்லை சேர்.’

மூன்று மணிக்கு எழுப்பினால் சண்டை இல்லை.
சுடுதண்ணிப் போத்தல், முழங்காலுக்கிடையில் தலையணை.
நித்திரை வராவிட்டாலும்
சும்மா படுத்திருப்பது அரைச் சம்பளம்.
நல்ல நாள் வந்தால் ஒரு திரைச்சீலை. ஒன்றுதான்.
மற்றது ஊத்தையாகவே தொங்கும்.

நோவு போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.
நேற்று நிலூக்கா சொன்னதெல்லாம் செய்தும்
சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் அழுதேன்.

பின்னேரம் வந்தால் கதிரையில் வேறொருவன்.
காஸ் சிலிண்டர் தூக்கும் பெடியன்,
சிலிண்டர் பக்கத்தில், கழுத்தெல்லாம் வியர்வை.
துள்ளி எழும்பப் பார்த்தான்.
‘இரு’ என்றேன்.
சுவரில் சாய்ந்தேன்.
இரண்டு மூச்சும் தணிய நேரம் எடுத்தது.
‘எத்தனையாம் மாடி, அன்ரி?’
‘நாலு’ என்றேன்.
‘அவசரமில்லை.’